அன்னத்தாய் பார்த்த நான்கு சைடு

கார்த்திக் எனக்கு அனுப்பியிருந்த பட்டியலில் நாடுகள் மேலிருந்து கீழாக வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொரு நாட்டுக்கும் எதிரே மூன்று கட்டங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு உற்பத்தி செய்கிறார்கள், எவ்வளவு நன்றாக வாழ்கிறார்கள். முதல் கட்டத்தில் நாம் உயரத்தில் இருக்கிறோம். மற்ற இரண்டிலும் கீழே கிடக்கிறோம்.

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நூற்பாலையில் கார்த்திக் இப்போது பணியாளர் பிரிவு அதிகாரி. உற்பத்தித்திறன் பற்றிய கூட்டம் ஒன்றில் இந்தப் பட்டியலைத் திரையில் காட்டுவார்களாம். தொழிலாளர்கள் முன்னால் நான் அரை மணி நேரம் பேச வேண்டுமாம்.

"நாங்க சொன்னா எடுபடாது சார். நீங்க ஸ்டாப் வாட்ச் பிடிச்சு அளந்த ஆளு. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார் போனில்.

"என்ன சொல்லணும்?"

"மெஷின் பக்கத்துல நிக்கிற நேரம் அம்புட்டும் வேலை இல்லைங்கறதச் சொல்லணும் சார். வெளிநாட்டுல ஒரு ஆளு பாக்கறத இங்க ரெண்டு ஆளு பாக்காங்கல்லா, அது."

பேச வரமாட்டேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். கூட்டத்தில் வாசிப்பதானால் ஒரு வரி விடாமல் வாசிக்கட்டும். இல்லையென்றால் எங்கள் ஓய்வுபெற்றோர் சங்க மலரில் வரட்டும்.

ஆலையில் சேர்ந்த நாள் முதல் டைரி எழுதி வருகிறேன். நாட்காட்டி ஆண்டு அதில் இருக்காது. நான் சேர்ந்த நாளை ஒன்றாக வைத்துப் பணி ஆண்டு என்று எழுதுவேன். மொத்தம் முப்பத்து நான்கு. கீழே வரும் நாள், கிழமை, நேரம் எல்லாம் அவற்றிலிருந்து எடுத்தவை. நினைவை நம்பி எழுதிய இடங்களில் அப்படியென்று சொல்லியிருக்கிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகள், ஆட்கள் வந்து போகும் நேரத்தைக் குறிக்கும் டைம் ஆபீசில் குமாஸ்தா. மூன்றாவது ஆண்டில் வேலை அளவைப் பயிற்சிக்குக் கோயம்புத்தூர் அனுப்பினார்கள். மூன்று மாதம் படித்துவிட்டு ஒரு பலகை, ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு சான்றிதழோடு திரும்பி வந்தேன். அன்றிலிருந்து தொழிலாளர்கள் என்னை 'வாட்சு சார்' என்றார்கள். பயிற்சியைப் பற்றி எழுத இவ்வளவுதான் இருக்கிறது.

என் மேலதிகாரி வரதராஜனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். கோவைக்காரர். வெள்ளைச் சட்டையின் முழுக்கையை மடித்து விட மாட்டார். பென்சிலை இரண்டு முனையிலும் சீவி வைத்திருப்பார். ஒரு முனை மழுங்கினால் அளவு நடுவில் நிற்கக் கூடாது என்பதற்காக. யாரையும் 'வா, போ' என்று அழைத்து நான் கேட்டதில்லை. 'சோம்பேறி' என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. ஒருமுறை நான் அறிக்கையில் 'தொழிலாளி சும்மா நின்றார்' என்று எழுதிவிட்டேன். அதை அடித்துவிட்டு, "நின்னாருன்னு மட்டும் எழுதுங்க தம்பி. சும்மாவா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியுமுங்க?" என்றார். கூட்டல் கணக்கை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை போடுவார். இரண்டும் ஒத்துவந்தால்தான் கையெழுத்து. அவரிடம் எனக்குப் பயம் இருந்ததில்லை. அவருடைய மதிப்பை இழந்துவிடக் கூடாது என்ற கவலை மட்டும் எப்போதும் இருந்தது. அந்தக் கவலைதான் என்னைத் தப்பு செய்ய வைத்தது.

ஒன்பதாவது பணி ஆண்டில் முதலாளி ஐரோப்பாவில் இரண்டு வாரம் ஆலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போது ஒரு தாள் கொண்டுவந்தார். கார்த்திக் அனுப்பியதைப் போன்ற பட்டியல்தான், கொஞ்சம் சின்னது. ஆயிரம் கதிருக்கு எந்த நாட்டில் எத்தனை ஆள் என்று அதில் இருந்தது. வரதராஜன் அதை எங்கள் அறைச் சுவரில் நான்கு மூலையிலும் ஊசி குத்தி மாட்டினார்.

நூற்பாலை தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் மெஷின் ஒரு ரயில் பெட்டியைப் போல நீளமானது. இரு பக்கமும் நூலைச் சுற்றிக்கொள்ளும் கதிர்கள் வரிசையாகச் சுழலும். ஒரு பக்கத்தைச் சைடு என்போம். அதைப் பார்க்கும் பெண் சைடர். அவள் வேலை நடப்பது. நடந்துகொண்டே எங்கே நூல் அறுந்திருக்கிறது என்று பார்த்து, ஓடும் கதிரை ஒரு கையால் நிறுத்தி, மறு கையால் இழையை எடுத்து ஒட்ட வேண்டும். ஒட்டாமல் விட்டால் வரும் பஞ்சு ரோலரில் சுற்றிக்கொள்ளும், பக்கத்து நூலையும் அறுக்கும். எங்கள் ஆலையில் ஒருத்திக்கு இரண்டு சைடு. முதலாளியின் தாளில் முதலிடத்தில் இருந்த சுவிட்சர்லாந்தில் ஒருத்திக்கு நான்கு.

"அங்கத்த பொண்ணுக்கும் ரெண்டு கைதானுங்களே" என்றார் முதலாளி வரதராஜனிடம். வரதராஜன் என்னைத் திரும்பிப் பார்த்து, "அளந்து பாக்கலாமுங்க" என்றார்.

யாரை அளப்பது என்பதற்கு விதி உண்டு. சராசரியான ஆளை எடுக்க வேண்டும். நான் அன்னத்தாயை எடுத்தேன். வன்னியம்பட்டியிலிருந்து ஆலை பஸ்ஸில் வருபவள். கணவர் இறந்து இரண்டாண்டு, எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள். அவள் விரல் நூலில் பட்டால் ஒட்டிவிடும். அவள் சராசரி இல்லை என்று எனக்குத் தெரியும். நல்ல அளவு வர வேண்டும் என்ற ஆசை. இது என் முதல் தவறு.

ஆடிப்பூரத் தேரோட்டம் முடிந்து அடுத்த செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணி ஷிப்ட். அன்னத்தாய்க்கு நான்கு சைடு கொடுத்து, பலகையும் வாட்சுமாக அவள் பின்னால் நடந்தேன்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் ஒரு எச்சரிக்கை இருக்கும். வாட்சைப் பார்த்ததும் தொழிலாளி வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பான், அதைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று. எங்கள் ஊரில் அதற்கு நேர்மாறாக நடந்தது. அன்னத்தாய்க்கு என்னமோ பரீட்சை நடக்கிறது, அதில் தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று முந்தின நாளே பஸ்ஸில் பேச்சு வந்துவிட்டது. அவளைத் தோற்க விடக் கூடாது என்று பெண்கள் முடிவு செய்துவிட்டார்கள். அளக்கிறவன் கண்முன்னால் ஆமையாகிக் காட்ட வேண்டும் என்ற தந்திரம் அவர்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அடுத்த மெஷினில் ஜெபமணி. நாற்பது வயதைத் தாண்டியவர், பேச்சுக்காரர். அன்னத்தாய் ஒரு சைடின் கோடியில் இருக்கும்போது மறு சைடில் நூல் அறுந்தால், ஜெபமணி தன் சைடிலிருந்து மூன்றே எட்டில் வந்து ஒட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தப் பக்கத்திலிருந்து இன்னொருத்தி. பஞ்சுத் தூசியைத் துடைக்க வேறொருத்தி. பத்தரை மணிக்கு அன்னத்தாய் கழிப்பறைக்குப் போய் வந்த ஆறு நிமிடமும் ஜெபமணி இரண்டு மெஷினுக்கும் நடுவில் பம்பரமாகச் சுற்றினார்.

"வாட்சு சார், இங்கன பாக்காதீய. அவளப் பாருங்க" என்றார் என்னிடம், சிரித்துக்கொண்டே.

நான் பார்த்தேன். பார்த்ததை எழுதவும் செய்தேன். ஜெபமணி வந்த ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் குறித்தேன். ஆனால் அளவெடுப்பு விதிப்படி, அளக்கப்படும் ஆளுக்குத் தொடர்பில்லாத செயலை வட்டமிட்டு அடித்துவிட வேண்டும். அடித்தேன். எட்டு மணி நேரத்தில் ஐம்பத்து மூன்று வட்டம். சுருக்கத் தாளில் அவை எதுவும் வராது. அதில் வந்தது ஒரே வரி: ஒரு தொழிலாளி, நான்கு சைடு, நூல் சேதம் வரம்புக்குள்.

வரதராஜன் மேலிருந்து கீழாகக் கூட்டினார். கீழிருந்து மேலாகக் கூட்டினார். ஒத்துவந்தது. "அருமையா வந்திருக்குதுங்க" என்றார். ஆறு ஆண்டில் அவர் என்னிடம் சொன்ன முதல் பாராட்டு. அந்த வட்டங்களைப் பற்றி அப்போதே நான் வாய் திறந்திருக்கலாம். கணக்கு அழகாக இருந்தது. நான் பேசாமல் இருந்துவிட்டேன். இது இரண்டாவது தவறு, முதலாவதைவிடப் பெரியது.

புரட்டாசி முதல் தேதியிலிருந்து எல்லோருக்கும் நான்கு சைடு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பாதிப் பெண்களை வேறு பிரிவுக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஜெபமணிக்கும் நான்கு, அந்தப் பக்கத்துக்காரிக்கும் நான்கு. அடுத்தவள் சைடுக்கு ஓட யாருக்கும் கால் மிச்சமில்லை. ரோலர்களில் பஞ்சு சுற்றிக்கொண்டது. கழிவு கூடியது. ஒவ்வொருத்தியாக மெமோ வாங்கினார்கள்.

ஐப்பசி முடிவதற்குள் அன்னத்தாய் மூன்று மெமோ வாங்கிவிட்டாள். மற்றவர்களுக்கு 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தது. அவளுக்கு மட்டும் 'வேண்டுமென்றே உற்பத்தியைக் குறைத்தது'. காரணம், மற்றவர்கள் நான்கு சைடு பார்த்ததற்கு அத்தாட்சி இல்லை. அவள் பார்த்ததற்கு இருந்தது. என் கையெழுத்தோடு. உள்விசாரணை வைத்தார்கள். குற்றம் நிரூபணமானால் வேலை நீக்கம். நிர்வாகத் தரப்பின் ஒரே சாட்சி நான்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் விட்டதும் சைக்கிள் கொட்டகையில் என்னை மறித்தாள். ஜெபமணியும் உடன் இருந்தார்.

"சார், நான் வேணும்னு கொறச்சேன்னு சொல்லப் போறீயளா?" என்றாள் அன்னத்தாய்.

"என் அறிக்கையில் உள்ளதைத்தான் கேட்பார்கள்" என்றேன்.

"அறிக்கையில நான் தனியா நாலு சைடு பாத்தேன்னு இருக்கா?"

நான் சைக்கிளின் பூட்டைத் திறந்தேன்.

"ஏட்டி, அவியகிட்ட என்ன கேக்க? அவிய வாட்சைப் பாத்துக்கிட்டு இருந்தாவ. நம்மள எங்க பாத்தாவ?" என்றார் ஜெபமணி. "எங்க தப்புதான் சார். இவளப் பாஸாக்கணும்னு ஓடி ஓடி ஒட்டுனோம்லா, நாங்களே எங்க தலையில மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டோம். அன்னைக்குக் கையைக் கட்டிக்கிட்டு நின்னுருக்கணும்."

அன்னத்தாய் அழவில்லை. "எனக்கு இந்த வேலை போச்சுன்னா எம் மக படிப்பு நின்னுரும் சார். தெரிஞ்சுக்கிடுங்க. பொறவு உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

அந்த வாரத்தில்தான் சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு ஃபிட்டர் எங்கள் ஆலைக்கு வந்திருந்தார், புதிய மெஷின்களைப் பூட்ட. வால்டர் என்று பெயர். காலை எட்டு மணிக்குத் தொடங்குவார். மதியம் ஒரு மணி நேரம் சாப்பாடு, அதில் இருபது நிமிடம் தூக்கம். மாலை ஐந்து மணிக்கு ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். போல்ட் பாதி முறுகியிருந்தாலும் மறுநாள்தான். எங்கள் ஃபிட்டர்கள் இரவு எட்டு மணி வரை இருந்தார்கள். அதில் எத்தனை மணி நேரம் உதிரிப் பாகத்துக்கும், மின்சாரத்துக்கும், கையெழுத்துக்கும் காத்திருந்தார்கள் என்பதை என் பழக்கப்படி நான் குறித்து வைத்தேன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வால்டர் காத்திருக்கவே இல்லை. அவருக்கு வேண்டியது அவர் கை நீட்டும் இடத்தில் இருந்தது. அதை வைப்பதற்கென்றே இரண்டு பேரை அவருடைய கம்பெனி ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கியிருந்தது. அந்த இரண்டு பேர் எங்கள் ஆட்கள். அவர்கள் கணக்கு எங்கள் நாட்டுக் கணக்கில் போயிற்று.

இதைப் பார்த்தபிறகுதான் அவரிடம் கேட்கத் தோன்றியது. முதலாளியின் தாளைக் காட்டி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், உங்கள் ஊரில் ஒருத்தி நான்கு சைடு பார்ப்பது உண்மைதானா என்றேன். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலத்தான். அதனால் நன்றாகப் புரிந்துகொண்டோம். உண்மை என்றார். பிறகு கையை விரித்து ஒவ்வொரு விரலாக மடக்கினார். நிறைந்த நூற்கண்டை எடுக்க ஒருவர். தூசி துடைக்க ஒருவர். பஞ்சுக் கதிர் மாட்ட ஒருவர். அவள் வெளியே போனால் நிற்க ஒருவர். மிச்சமிருந்த கட்டைவிரலைக் காட்டி, உங்கள் தாளில் இருப்பது இந்தப் பெண் மட்டும் என்றார். அங்கே பஞ்சும் நல்லது, காற்றின் ஈரமும் அளவாக இருக்கும், நூல் இவ்வளவு அறாது என்றும் சொன்னார். அப்புறம் மணியைப் பார்த்தார். ஐந்து. பெட்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கார்த்திக், உங்கள் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் இத்தகைய பட்டியல்களைப் பல காலமாகப் படிக்கிறவன், அடிக்குறிப்பிலிருந்து மேலே படிக்கிறவன். யாரை ஆள் என்று எண்ணினார்கள், எதை வேலை என்று எண்ணினார்கள் என்பதைச் சொல்லாத எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மனிதரைப் பார்த்து 'நீ குறைவு' என்று சொல்வது அவமதிப்பு. அன்னத்தாய் நான்கு மணிக்கு எழுந்து குடத்தோடு குழாயடியில் நின்றாள். ஐந்தே காலுக்குப் பஸ். நூலின் முன்னால் அவள் வந்து நிற்கும்போதே இரண்டு மணி நேரம் உழைத்து முடித்தவள். அவளோடு ஒப்பிடப்பட்ட பெண் குழாயைத் திறந்தாள், தண்ணீர் வந்தது.

விசாரணை கார்த்திகை மாதம், வியாழக்கிழமை, காலை பத்தே காலுக்கு. டைம் ஆபீஸ் மாடியில். விசாரணை அதிகாரி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஒரு வழக்கறிஞர். நிர்வாகத் தரப்பில் வரதராஜன். அன்னத்தாய்க்குத் துணையாக உடன் பணிபுரிபவர் ஒருவர் வரலாம் என்பதால் ஜெபமணி வந்திருந்தார். சுருக்கத் தாளை மட்டும் கொண்டுவந்தால் போதும் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதோடு சாப்பாட்டுப் பையில் அசல் தாள்களையும் எடுத்துப் போனேன்.

வரதராஜன் என்னைக் கேட்ட கேள்விகள் நான்கு. அளவெடுத்தது நீங்களா, ஆமாம். நாள், கிழமை சரியா, சரி. கணக்குச் சரியா, சரி. கையெழுத்து உங்களுடையதா, ஆமாம். உட்கார்ந்துவிட்டார்.

குறுக்கு விசாரணைக்கு ஜெபமணி எழுந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"வாட்சு சார், என்னைய உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அன்னைக்கு எட்டு மணி நேரமும் இவ பொறத்தாலயே நின்னீயல்லா. அப்பொ என்னையப் பாத்தீயளா?"

"பார்த்தேன்."

"எத்தன தடவ?"

சாப்பாட்டுப் பையிலிருந்து தாள்களை எடுத்தேன். வரதராஜன் நிமிர்ந்து பார்த்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. "உங்களை முப்பத்தோரு தடவை. மற்றவர்களையும் சேர்த்தால் ஐம்பத்து மூன்று. கழிப்பறை நேரம் ஆறு நிமிடம் தனி" என்றேன்.

ஜெபமணியே இதை எதிர்பார்க்கவில்லை. குனிந்து தாளைப் பார்த்தார். "எழுதி வச்சிருக்கீயளா?"

"எழுதி, வட்டம் போட்டு அடித்திருக்கிறேன்."

"ஏன் அடிச்சீய?"

"தொடர்பில்லாததை அடிக்க வேண்டும் என்பது விதி."

"என் கை ஒட்டுன நூலு தொடர்பில்லாததா? அது எந்த ஊரு விதி சார்?"

வழக்கறிஞர் சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டார். நான் அவரைப் பார்த்துச் சொன்னேன்: "அன்னத்தாய் தனியாக நான்கு சைடு பார்க்கவில்லை. ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் அளந்தது நான்கு பெண்களின் வேலையை. ஒருத்தி பெயரில் எழுதிவிட்டேன். தவறு என்னுடையது. இதைப் பதிவு செய்யுங்கள்."

"நீங்கள் நிர்வாகத் தரப்புச் சாட்சி. தெரியுமா?" என்றார் வழக்கறிஞர்.

"தெரியும். இரண்டு தரம் எழுதிக்கொள்ளுங்கள்."

இந்தக் கடைசி வாக்கியம் டைரியில் இல்லை. ஜெபமணி பிற்பாடு ஊரெல்லாம் சொல்லி எனக்கே நினைவாகிவிட்டது.

மாடிப்படியில் வரதராஜன் என்னை நிறுத்தினார். கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அசல் தாள்களை வாங்கி, வட்டங்களை எண்ணினார். முதல் தாளிலிருந்து கடைசிக்கு, பிறகு கடைசியிலிருந்து முதலுக்கு. "ஐம்பத்து மூணுதானுங்க" என்றார். "நான் கூட்டுன கணக்குல இது இல்லைங்களே. இத்தனை வருசமா சுருக்கத் தாளைத்தான் கூட்டிட்டிருந்தனாட்ட இருக்குதுங்க." அப்புறம், "திங்கக்கிழமை நானே அளக்கறனுங்க. ஒருத்தரும் ஒத்தாசை பண்ணக் கூடாதுன்னு சொல்லிருங்க" என்றார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வெள்ளைச் சட்டை முழுக்கையோடு அவர் பலகையைப் பிடித்து நின்றார். நான் பின்னால். அன்னத்தாய்க்கு நான்கு சைடு. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பெண்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. ஜெபமணி அவ்வப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ராணுவ வீரன் மாதிரி விறைத்து நின்று காட்டினார்.

ஏழரைக்கு முதல் ரோலரில் பஞ்சு சுற்றியது. ஒன்பதுக்குள் பதினேழு கதிர் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. அன்னத்தாய் நடையை விட்டு ஓட்டத்துக்கு வந்துவிட்டாள். வரதராஜன் எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு முனை மழுங்கிப் பென்சிலைத் திருப்பிக்கொண்டார்.

பத்து இருபதுக்கு அவள் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"சார், வெளிய போகணும். சைட யாரு பாப்பாவ?"

அவர் வாட்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். படிவத்தில் கழிப்பறைக்கு நேரம் ஒதுக்கியிருந்தது, ஆள் ஒதுக்கியிருக்கவில்லை. எங்கள் படிவத்தில் எப்போதும் இருந்த குறை அது. அவர் அதை அன்றுதான் பார்த்தார்.

"போயிட்டு வாங்கம்மா" என்றார்.

அவள் போனாள். நான்கு சைடும் ஆளில்லாமல் ஓடின. ஓரிடத்தில் நூல் அறுந்தது. பிறகு மூன்றிடத்தில். பஞ்சு நுரை மாதிரி பொங்கி ரோலரில் ஏறியது. வரதராஜன் பலகையை என்னிடம் கொடுத்துவிட்டு மெஷினை நெருங்கினார். இருபது ஆண்டாக நூல் ஒட்டும் நேரத்தை நொடியில் பாதி வரை அளந்தவர். கதிரைப் பிடித்தார். இழையை எடுத்தார். ஒட்டவில்லை. மறுபடி. ஒட்டவில்லை. கைவிரலில் சிராய்ப்பு.

"சார்," என்றார் ஜெபமணி, கையைப் பின்னால் கட்டியபடியே, "நான் வரட்டுமா? தொடர்பில்லாததுன்னு அடிச்சிருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வரதராஜன் சிரிக்கவில்லை. பலகையை என்னிடமிருந்து வாங்கினார். அறுந்து கிடந்த ஒவ்வொரு கதிரையும் எண்ணி, நேரம் போட்டு எழுதினார். வட்டம் போடவில்லை.

அவர் கொடுத்த அறிக்கை ஒன்றரைப் பக்கம். தனியாக என்றால் ஒருத்திக்கு இரண்டு சைடு. துடைக்கத் தனி ஆளும், வெளியே போகும்போது நிற்க ஒரு மாற்று ஆளும் கொடுத்தால் மூன்று. நான்கு, எங்கள் பஞ்சில், எங்கள் காற்றில், இயலாது. அன்னத்தாய் மீதான குற்றச்சாட்டைக் கைவிடப் பரிந்துரைக்கிறேன். கீழே கையெழுத்து. அதோடு ஒரு வரி: முந்தைய அளவு என் மேற்பார்வையில் நடந்தது, பிழைக்கு நானும் பொறுப்பு.

முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கழிவுக் கிடங்கு நிறைந்துகொண்டிருந்ததால் ஒப்புக்கொண்டார். மார்கழி பிறந்ததும் மூன்று சைடு, துடைக்க ஓர் ஆள், ஒரு மாற்று ஆள் என்று அறிவிப்பு வந்தது. அன்னத்தாயின் மூன்று மெமோவையும் ரத்து செய்தார்கள். அதே பலகையில் இன்னொரு தாள்: வேலை அளவைப் பிரிவில் ஓர் ஆள் உபரி, கழிவுப் பஞ்சுக் கிடங்குக்கு மாற்றப்படுகிறார். என்னைத்தான். ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன். இருபத்தைந்து ஆண்டு பஞ்சுத் தூசி. அதற்காக நான் ஒரு நாளும் வருந்தவில்லை என்று எழுதினால் பொய். முதல் ஆண்டில் பல நாள் வருந்தினேன். அந்தத் தாள்களை எடுத்துப் போனதற்காக மட்டும் வருந்தவில்லை.

மாற்று ஆள் முறை தொடங்கிய முதல் நாள் டைரியில் இருக்கிறது. புதன்கிழமை. முதல் மாற்று ஆளாக ஜெபமணியைப் போட்டிருந்தார்கள். கிடங்கு வாசலில் பஞ்சுப் பேல் கட்டுகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். பத்து மணி சுமாருக்கு அன்னத்தாய் வெளியே வந்தாள். கழிப்பறைக்குப் போய்விட்டு உடனே திரும்பவில்லை. எதிரே இருந்த வேப்பமரத்தடிச் சிமென்ட் மேடையில் உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். தலையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். வேலை நேரத்தில் அந்த மேடையில் ஒரு பெண் உட்கார்ந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஃபாக்டரி மேனேஜர் அந்த வழியாக வந்தார். நின்றார்.

"என்னம்மா, உக்காந்துட்ட? மெஷின் என்னாச்சு?"

"ஓடுது சார். ஜெபா அக்கா நிக்காவ" என்றாள் அன்னத்தாய்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார், அவள் எழுந்திருப்பாள் என்று. அவள் அடுத்த பஞ்சை எடுத்தாள்.